டீச்சர் கை வைக்கக் கூடாது

எங்கள் பள்ளிக்கூடத்துத் தொழில்நுட்ப மன்றத்தில் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: டீச்சர் எதிலும் கை வைக்கக் கூடாது. போட்டது நான் இல்லை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். சுமங்கலா டீச்சருக்கு, அதாவது எனக்கு, பொறுமை கிடையாது என்பது கைதத்துருத்து ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். ஒருத்தன் ஒயரை மாற்றி மாட்டுவதைப் பார்த்தால் எனக்கு விரலெல்லாம் அரிக்கும். மீறிக் கை வைத்தால் மன்றத்துக்கே பழம்பொரி, அதுதான் வாழைப்பழ பஜ்ஜி, வாங்கித் தரவேண்டும். ஓணம் முடிவதற்குள், டீக்கடை ஜோமோன் என் தலையைக் கண்டாலே எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றத் தொடங்கியிருந்தான்.

துலா மாதத்தில், அதாவது ஐப்பசியில் ஒருநாள், அரசாங்கம் தந்த பெட்டியைத் திறந்து மேஜைமேல் பரப்பினேன். சின்னச் சின்ன மின்பலகைகள், மோட்டார்கள், ஒளியையும் ஒலியையும் ஈரத்தையும் கண்டுபிடிக்கிற பொத்தான் அளவுக் கருவிகள்.

"இதை வச்சு என்ன செய்யலாம்னு நான் கேக்கப் போறதில்ல. உங்க வீட்டுல என்ன தொந்தரவு? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றேன்.

"எங்க அப்பாவோட குறட்டை, டீச்சர்" என்றான் ஆல்ட்ரின். அவன் வாய் திறந்தால் வகுப்பு சிரித்தே ஆகவேண்டும். மீன்கறி அடிப்பிடித்தால் கத்துகிற கருவி வேண்டும் என்றாள் ஃபஹ்மிதா. மன்றத்தில் ஒயர் வேலைக்கு அவளை விட்டால் ஆளில்லை, ஆனால் அடுப்பில் வைத்ததை மறந்துவிடுவாள். கடைசியில் ஜன்னலோரத்திலிருந்து நிவேத்யா எழுந்தாள்.

"ஸ்கூல்ல இருந்துக்கிட்டே, எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சான்னு தெரியணும்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் வீடு எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். காயலுக்கும் வயலுக்கும் நடுவே போகிற வரப்பின் கோடி வீடு அது. விருச்சிகம் பிறந்தால், அதாவது கார்த்திகையில், கடல் ஏறும், காயல் ததும்பும், நடுப்பகலில் தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்து முழங்கால் வரை நிற்கும். சாயங்காலம் தானே இறங்கிப்போகும். எங்களுக்கெல்லாம் அது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். அரிசி டின்னைத் தூக்கி மேலே வைத்துவிட்டுக் கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்துகொள்வோம்.

ஆனால் நிவேத்யாவின் அம்மா பிரசன்னாவால் கால் மடக்க முடியாது. நெல்மூட்டையோடு வரப்பில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. அப்பா மணிக்குட்டன் சுற்றுலாப் படகில் சமையல்காரன், வாரத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் பெரிய வெள்ளத்துக்குப் பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு கரைப்பக்கம் போய்விட்டார்கள். அதனால் தண்ணீர் ஏறுகிற நாளெல்லாம் நிவேத்யா பள்ளிக்கு வரமாட்டாள். இந்த வருஷம் என்னிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தாள்: கிறிஸ்துமஸ் பரீட்சை எழுதிவிட்டு நின்றுவிடுகிறேன், டீச்சர். கணக்கில் அந்த மாதிரி மூளை என் வகுப்புக்கு எப்போதாவதுதான் வரும். அவளை எப்படி விடுவது என்று எனக்குத் தெரியவில்லை, எப்படி நிறுத்துவது என்றும் தெரியவில்லை.

"அம்மாகிட்ட போன் இருக்குல்ல? தண்ணி வந்தா கூப்பிட வேண்டியதுதானே?" என்று ஆல்ட்ரின் கேட்டான்.

"கூப்பிட மாட்டா."

"ஏன்?"

"போன வருஷம் அப்படிச் சொல்லிட்டுத்தான் வந்தேன். சாயங்காலம் போய்ப் பாத்தா மெத்தையெல்லாம் தண்ணி. ஊறிப்போய்ப் படுத்திருக்கா. ஏம்மா கூப்பிடலன்னா, 'உனக்கு இன்னிக்குப் பரீட்சைல்ல'ங்கறா."

ஃபஹ்மிதா மேஜையிலிருந்த கருவிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். "அப்ப அம்மாவுக்குப் பதிலா கூப்பிடற ஆள் ஒண்ணு செய்யணும்" என்றாள்.

செய்தார்கள். வௌவாலைப் போல ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிற கருவி ஒன்று பெட்டியில் இருந்தது. அதை நிவேத்யா வீட்டுப் படகுத்துறைப் பலகைக்கு அடியில் தண்ணீரைப் பார்த்தபடி கவிழ்த்து மாட்டினார்கள். தண்ணீர் ஏற ஏறத் தூரம் குறையும். குறித்த அளவுக்குக் குறைந்தால், கூட இணைத்திருந்த சிம் கார்டு வழியாகப் பள்ளிக்கூட போனுக்கு ஒரு மிஸ்டு கால் வரும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றேன். மூன்று இடத்தில் தப்பு செய்தார்கள், மூன்றையும் தாங்களே கண்டுபிடித்தார்கள்.

பிரசன்னா ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சரே, என்னை வேவு பாக்கக் கண்ணு வைக்கிறீங்களா? வைங்க வைங்க. நான் ஓடிப்போனா உடனே தெரிஞ்சுடும்" என்றாள். பிள்ளைகளுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவளே முதலில் சிரித்தாள்.

விருச்சிகம் பிறந்த வாரம், காலைப் பிரார்த்தனை முடிந்து தலைமையாசிரியர் குரியாக்கோஸ் சார் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. நிவேத்யா வரிசையை உடைத்துக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே மன்றம், அதன் பின்னால் நான், என்ன ஏது என்று தெரியாமல் பள்ளிக்கூடத்தில் பாதி. ஆட்களை அக்கரை சேர்க்கிற கடத்துக்காரரின் தோணியில் ஏறமுடிந்த அளவு ஏறிக்கொண்டு துடுப்புப் போட்டுப் போனோம். நிவேத்யா தோணி நிற்பதற்கு முன்பே குதித்தாள்.

வாசற்படி உலர்ந்து கிடந்தது. படகுத்துறைப் பலகைக்கு அடியில், நிழல் பார்த்து ஒதுங்கின வாத்துக் கூட்டம், எங்கள் ஊர்ப் பேச்சில் தாராக்கூட்டம், ஒன்று இடைவெளியில்லாமல் நெருக்கியடித்து மிதந்துகொண்டிருந்தது. எங்கள் கருவி தாராவின் முதுகைத் தண்ணீர் என்று எண்ணிவிட்டது.

"வெள்ளம் வரல மோளே, தாராதான் வந்திருக்கு. முட்டை வேணும்னா எடுத்துக்கோங்க" என்று உள்ளேயிருந்து பிரசன்னாவின் குரல் வந்தது.

வேறு எந்த ஊரில் இப்படி ஒரு பிசகு நடக்கும்? அறுவடை முடிந்த வயலிலும் வாய்க்காலிலும் ஆயிரக்கணக்கில் தாரா மேய்கிற ஊரில் பிறந்து, தாரா முட்டையைத் தின்று வளர்ந்த பிள்ளைகள். தண்ணீரைப் பற்றி அத்தனையும் யோசித்தவர்கள், தாராவை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஃபஹ்மிதாவுக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே வரப்பில் உட்கார்ந்து தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, "தண்ணி சின்ன ஓட்டைக்குள்ள போகும். தாரா போகாது" என்றாள். அவ்வளவுதான். கீழே ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தண்ணீரில் நட்டு, குழாய்க்குள் ஏறி இறங்குகிற தண்ணீரை மட்டும் கருவியைப் பார்க்க வைப்பது. பெரிய அணைகளில் பொறியாளர்கள் நீர்மட்டம் அளக்கிறார்களே, அதே வழி. அந்தப் பெண் அதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, தாராவைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளாமல், "சரி, குழாய்க்கு அளவு பாரு" என்றேன்.

எல்லாரும் உற்சாகமாகத் தோணிக்குக் கிளம்பும்போதுதான் பிரசன்னா என்னை உள்ளே கூப்பிட்டாள். சிரிப்பில்லை. பிள்ளைகள் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டே பேசினாள்.

"டீச்சரே, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நீங்க எல்லாரும் சேர்ந்து ராப்பகலா மூளையைக் கசக்கி என்ன செஞ்சிருக்கீங்க? எம் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல இருந்து வீட்டுக்கு இழுத்துட்டு வர்றதுக்கு ஒரு மெஷின். இன்னிக்கு எப்படி ஓடி வந்தா பாத்தீங்களா, மூச்சு வாங்குது அவளுக்கு. தண்ணி வர்ற நாளெல்லாம் இதே மாதிரி ஓடி வரப்போறா. அவ அங்கேயே உக்காந்து படிக்கறதுக்கு ஏதாவது மெஷின் இருக்கா உங்ககிட்ட?"

நிவேத்யா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தோணியில் ஏறித் திரும்பினோம். தப்பான கேள்விக்கு அவ்வளவு அழகாகப் பதில் கண்டுபிடித்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் காலை வைத்ததும் குரியாக்கோஸ் சார் வேறு காத்துக்கொண்டிருந்தார். "தாராவுக்காக ஸ்கூலையே மூடிட்டுப் போனீங்களாமே? இனி இந்த மன்றமும் வேணாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேணாம்" என்று பொரிந்து தள்ளினார். நான் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. அதைப் பார்த்து அவரே பயந்துபோய், "என்னாச்சு டீச்சர்?" என்றார். சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த அம்மா சொல்றது சரிதானே" என்றார்.

அடுத்த நாள் மன்றத்தில் பெட்டியை யாரும் திறக்கவில்லை. நான் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. எழுதத் தெரிந்திருந்தால் சட்டத்தை மீறி எழுதியிருப்பேன்.

"நனையக் கூடாது. அதுதானே வேணும்? அம்மா நனையலன்னா நீ ஓட வேண்டியதில்ல" என்றாள் ஃபஹ்மிதா.

"அம்மாவை யாராவது தூக்கி மேல வைக்கணும். அதுக்குத்தான் நான் ஓடறேன்" என்றாள் நிவேத்யா.

"கட்டிலை மோட்டார் வச்சுத் தூக்கலாம்" என்றது ஒரு குரல்.

"தண்ணி ஏறினா கரண்டை நிறுத்திடுவாங்கடா."

"பேட்டரி?"

"எங்க அம்மாவைத் தூக்கற மோட்டார் இந்தப் பெட்டில இருக்கா? விரல் நுனி அளவு இருக்கு ஒவ்வொண்ணும்."

அப்போது ஆல்ட்ரின், வழக்கமான கேலி எதுவுமில்லாமல், தனக்குத்தானே பேசுவதைப் போலச் சொன்னான்: "பெரிய வெள்ளத்துல எங்க பசுவை டிரம்மு மேல பலகை கட்டி நிக்க வச்சோம். தண்ணி ஏற ஏற அதுவும் ஏறிச்சு. வைக்கோல் தின்னுக்கிட்டு ஜம்முனு நின்னுது."

"எங்க அம்மாவைப் பசுங்கறியா?" என்று நிவேத்யா திரும்பினாள்.

"ஐயோ, இல்லடி..."

"இரு." அவள் கையை உயர்த்தினாள். கண்கள் எங்கேயோ நின்றுவிட்டன. கணக்கு போடும்போது அவள் முகம் அப்படித்தான் ஆகும். "தூக்க மோட்டார் வேணாம். தண்ணியே தூக்கும். எந்தத் தண்ணிக்குப் பயப்படறோமோ, அதே தண்ணி."

பதினெட்டு வருஷமாக ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நான் நடத்துகிறேன். பொருள் இழப்பதாகத் தோன்றும் எடை, அது இடம்பெயர்க்கும் நீரின் எடைக்குச் சமம் என்று பிள்ளைகள் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். அந்தத் தத்துவம் என் கண் முன்னால் எழுந்து நின்றது அன்றுதான்.

பிறகு வகுப்பறை படகுப்பட்டறை ஆகிவிட்டது. டிரம்முக்கு எத்தனை லிட்டர், எத்தனை கிலோவைத் தாங்கும், கட்டிலும் மெத்தையும் அம்மாவும் சேர்ந்து எவ்வளவு கனம், தண்ணீர் எவ்வளவு ஏறினால் கட்டில் மிதக்கும், மிதக்கும்போது மெத்தை எவ்வளவு மேலே இருக்கும். நான் வீட்டுப்பாடமாகத் தந்திருந்தால் முனகியிருக்கிற கணக்கையெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு போட்டார்கள். பெயிண்ட் கடையிலிருந்து மூடி இறுக்கமான நாலு நீல டிரம் வந்தது. பழைய கட்டில் ஒன்றுக்கு அடியில் அவற்றைப் படுக்க வைத்துக் கட்டினார்கள்.

"சோதிச்சுப் பாக்க ஆள் வேணும். அம்மாவை விடக் கனமா இருக்கணும்" என்றாள் ஃபஹ்மிதா.

பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலைமையாசிரியர் அறைப்பக்கம் திரும்பினார்கள்.

குரியாக்கோஸ் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் படகுத்துறையில் இறங்கினார். கட்டில்மேல் படுத்தார். மிதந்தது. கைதட்டினோம். கைதட்டலுக்கு நன்றி சொல்ல அவர் கொஞ்சம் புரண்டார். கட்டில் அப்படியே கவிழ்ந்து, சார் தலையில் குளவாழைச் செடியோடு தண்ணீரிலிருந்து எழுந்து நின்றார். பள்ளிக்கூடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"என்னடா முழிக்கிறீங்க? ஏன் கவுந்துச்சுன்னு கண்டுபிடிங்க. நாளைக்கு மறுபடி படுக்கறேன்" என்றார்.

எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. டிரம்களை நடுவில் நெருக்கமாகக் கட்டியிருந்தார்கள். வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கினேன். விழுங்கியது எவ்வளவு நல்லது என்று அரை மணி நேரத்தில் புரிந்தது. டிரம்மைத் தள்ளிக் கட்டுவதோடு அவர்கள் நிற்கவில்லை. நிவேத்யா துறையில் கட்டியிருந்த தோணியைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். சேற்றில் நட்ட கழியில் வளையம் போட்டுக் கட்டியிருந்தது. ஓதம் ஏறினால் தோணி கழியோடு ஏறும், இறங்கினால் இறங்கும், எங்கேயும் போகாது. "கட்டிலுக்கு நாலு மூலையிலும் கழி வேணும்" என்றாள். "அப்பதான் நேரா மேல போகும், நேரா கீழ வரும். சாயவே இடமில்ல." நான் வாயைத் திறந்திருந்தால் டிரம் மட்டும்தான் சரியாகியிருக்கும். கழி வந்திருக்காது.

மறுநாள் மத்தியானம் சார் நாலு கழிகளுக்கு நடுவே செய்தித்தாளோடு படுத்தார். காயல் ஏறியது. யாரும் தூக்கவில்லை, எதுவும் சத்தம் போடவில்லை. மனுஷர் பேப்பரைப் புரட்டப் புரட்ட, ஒரு சாண் உயர்ந்துவிட்டார். வேண்டுமென்றே இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் புரண்டார். கட்டில் சாயவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகள்கூடப் பேசாமல் நின்று பார்த்தார்கள். கோயில் கருவறை முன்னால் நிற்கிற பயபக்தி எனக்கு வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் உண்மை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசன்னாவின் கட்டிலுக்கு டிரம் கட்டி, தரைக்கும் உத்தரத்துக்கும் நடுவே நாலு கழி நிறுத்தி, பழைய சைக்கிள் டயரை வெட்டி வளையம் போட்டார்கள். லீவு கிடைத்து வந்திருந்த மணிக்குட்டன் ஒவ்வொரு கழியையும் உலுக்கிப் பார்த்துவிட்டு, போய்க் கப்பக்கிழங்கும் மீனும் சமைத்தான். ஃபஹ்மிதா இன்னொரு வேலையும் செய்தாள். கட்டில் தன் காலுக்கடியில் வைத்திருந்த தாங்குகல்லை விட்டு மேலே எழும்பினதும் கல்லில் பதித்த ஒரு பொத்தான் விடுபடும். உடனே பள்ளிக்கு இரண்டாவது மிஸ்டு கால் போகும். முதல் மணி, தண்ணீர் படி ஏறிவிட்டது. இரண்டாவது மணி, அம்மா மிதக்கிறாள்.

"ரெண்டாவது வரலன்னா நான் வருவேன்" என்றாள் நிவேத்யா.

"ரெண்டாவது வந்த பிறகும் நீ வந்தே, அப்புறம் நான் உன்கூடப் பேசமாட்டேன்" என்றாள் பிரசன்னா.

புதன்கிழமை, கணக்கு வகுப்பு. இருபடிச் சமன்பாடு ஒன்றைப் பாதி எழுதியிருந்தேன். மேஜைமேல் இருந்த பள்ளிக்கூட போன் ஒருமுறை அடித்து நின்றது.

நிவேத்யா எழுந்துவிட்டாள். பை தோளில் ஏறிவிட்டது. கதவு வரைக்கும் போய்விட்டாள். அங்கிருந்து படகுத்துறை தெரியும், கடத்துத்தோணி காலியாக நின்றது. பழகின கால்கள் அவளை இழுப்பது எனக்குத் தெரிந்தது. கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நில் என்று சொல்லவும் உரிமையில்லை. ஆல்ட்ரின் நகத்தைக் கடித்தான். ஃபஹ்மிதா கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். வெளியே தண்ணீர் துறையின் கல்லை நக்கிக்கொண்டு மெதுவாக, அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் போனது என்று நான் பார்க்கவில்லை. டிரம்மில் எங்கேனும் ஓட்டை விழுந்திருக்குமோ, வளையம் கழியில் சிக்கியிருக்குமோ, பிரசன்னா இந்நேரம் ஈரத்தில் கிடக்கிறாளோ என்று என் மனசு போகாத இடமில்லை.

நிவேத்யா கதவிலிருந்து கையை எடுத்தாள். ஒரு கால் வெளியே வைத்தாள்.

போன் அடித்தது.

யாரும் கத்தவில்லை. கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். நிவேத்யா வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தாள். ஜன்னலோரத்துக்கு நடந்து வந்து, பையை இறக்கி வைத்து, நோட்டைத் திறந்தாள். கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை.

"டீச்சர், அந்த மூணாவது வரி எப்படி வந்துச்சு?" என்றாள்.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். சாக்கட்டியை எடுத்து மூன்றாவது வரியின் கீழே கோடு போட்டேன். அதற்கு அடுத்த வரி என்னவென்று எனக்கு நினைவில்லை.